வாசகர் கேள்வி – பதில்: சாதிச் சான்றிதழ் முதல் இனச்சுழற்சிப் பதிவேடு வரை

எங்கள் சாதி தமிழ்நாட்டில் எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்). அப்பா ரயில்வேயில் குரூப் சி ஊழியர். ஆண்டுச் சம்பளம் ஒன்பதரை லட்சம். மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கேட்டேன். ‘எட்டு லட்சத்துக்கு மேல் வருமானம், கிரீமி லேயர்’ என்று திருப்பிவிட்டார்கள். சரியா?
– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

சரியல்ல. இதே தவறால் வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

கிரீமி லேயர் என்பது ஓ.பி.சி.க்குள் முன்னேறியவர்கள் என்று சலுகையிலிருந்து விலக்கப்படும் பிரிவு. அது வெறும் வருமான வரம்பு இல்லை. 8.9.1993 தேதியிட்ட மத்திய அரசு ஆணை அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முதலில் பார்க்கச் சொல்வது பெற்றோரின் பதவியைத்தான். தாய், தந்தையில் ஒருவர் நேரடியாக குரூப் ஏ பணியில் சேர்ந்தவரா? இருவருமே நேரடி குரூப் பி அதிகாரிகளா? தந்தை குரூப் பி-யில் சேர்ந்து 40 வயதுக்குள் குரூப் ஏ-க்கு உயர்ந்தவரா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் சலுகை கிடையாது. உங்கள் அப்பா இந்த மூன்றிலும் வரவில்லை.

அடுத்துதான் வருமானம். அங்கே சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. வாடகை, வட்டி, வியாபாரம் போன்ற பிற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 லட்சத்தைத் தாண்டினால்தான் கிரீமி லேயர். உங்கள் வருமானத்தையும் பார்க்க மாட்டார்கள். பெற்றோருடையது மட்டும்தான் கணக்கு. சம்பளச் சீட்டை வாங்கி நேராக 8 லட்சத்தோடு ஒப்பிடும் பழக்கம் சில அலுவலகங்களில் இருக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதச் சான்றிதழில் சம்பளம், விவசாயம் எல்லாமே கணக்கில் வரும். இரண்டுக்கும் அதே 8 லட்சம்தான் வரம்பு என்பதால் குழப்பம் எளிதாக நேர்ந்துவிடுகிறது.

மறுபடி விண்ணப்பியுங்கள். அப்பா எந்தப் பதவியில் சேர்ந்தார், இப்போது எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று அவர் அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். அதோடு 1993 ஆணையின் நகலையும், அதை விளக்கும் 14.10.2004 கடிதத்தின் நகலையும் இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் முறையிடுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் தேவை. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பட்டியலில் உங்கள் சாதிப் பெயரை எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். மத்தியப் பட்டியலில் எம்.பி.சி. என்று தனிப் பிரிவு கிடையாது, எல்லாம் ஓ.பி.சி.தான். அடுத்தது தேதி. தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது, அதில் வருமானப் பேச்சே இல்லை. மத்தியச் சான்றிதழ் அப்படியல்ல. எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பது தேர்வு அறிவிக்கையில் இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் ‘போன வருஷத்துச் சான்றிதழ்’ என்று வெளியே அனுப்பப்படுவது எழுத்துத் தேர்வில் தோற்பதைவிடக் கொடுமை.

தமிழ்நாட்டில் ஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் ‘எப்.சி. (முற்பட்ட வகுப்பினர்) கோட்டா’ என்கிறார்களே, அதில் மற்றவர்கள் போட்டியிட முடியுமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

அது எப்.சி. கோட்டா அல்ல, பொதுப் போட்டி. அந்த 31 யாருடைய பங்கும் இல்லை, எல்லாருக்கும் திறந்தது.

100 இடம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சாதியே பார்க்காமல் மதிப்பெண் வரிசையில் 31 பேரை எடுக்க வேண்டும். அதில் 18 பேர் பி.சி., 6 பேர் எம்.பி.சி., 2 பேர் எஸ்.சி.யாக இருந்தாலும் அவர்கள் பொதுப் பிரிவிலேயே நிற்பார்கள். அதன் பிறகுதான் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. - சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 என்று நிரப்ப வேண்டும். வரிசையை மாற்றி, முன்னணியில் நிற்கும் பி.சி. மாணவரை முதலிலேயே பி.சி. இடத்தில் உட்காரவைத்தால், ஒதுக்கீட்டுப் பிரிவினர் எல்லாருக்கும் சேர்த்து 69தான் உச்சவரம்பு என்றாகிவிடும். அது சட்டத்துக்கு விரோதம். 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி அழுத்திச் சொன்னது.

மத்திய அரசு வேலைகளில் ஒரு விதிவிலக்கு உண்டு. வயதுச் சலுகையைப் பயன்படுத்தியவர் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் பொதுப் பிரிவுக்குப் போக முடியாது. சலுகை தேவைப்படாத வயதிலேயே தேர்வு எழுதிவிடுவது நல்லது.

பல்கலைக்கழகத் துறையில் பழங்குடியினருக்கு ஓர் இடம்கூட வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?
– ஆய்வு மாணவர், சென்னை

இட ஒதுக்கீட்டைக் கணக்கிட ஒரு துறையின் இடங்களை அலகாக எடுக்கிறார்களா, முழு நிறுவனத்தின் இடங்களையா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மத்திய அரசு கணக்கில் ஓ.பி.சி. 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5 சதவீதம். இடத்தின் வரிசை எண்ணைச் சதவீதத்தால் பெருக்குங்கள். ஒன்றைத் தொடும்போதுதான் அந்தப் பிரிவுக்கு இடம். ஓ.பி.சி.க்கு 3 இடத்தில் 0.81, நான்காவதில் 1.08. ஆக முதல் ஓ.பி.சி. இடம் 4. எஸ்.சி.க்கு 7. எஸ்.டி.க்கு 13-இல் 0.975, 14-இல்தான் ஒன்றைத் தாண்டும்.

ஒரு துறையில் மூன்றே பணியிடம் என்றால் மூன்றும் பொதுப் பிரிவுக்கே போகும். ஆறு என்றால் ஒரே ஓ.பி.சி. பதினான்கு உதவிப் பேராசிரியர்கள் உள்ள துறை எத்தனை இருக்கிறது? 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையையே அலகாகக் கொள்ளச் சொன்னது. 2018 மார்ச்சில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அப்படியே உத்தரவிட்டது. நாடெங்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் போராடிய பிறகு, மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனமும் ஒரே அலகு என்று 2019-இல் சட்டம் வந்தது. பல்கலைக்கழகம் முழுக்க 200 இடம் என்றால் எஸ்.டி.க்கு 15 கிடைக்கும்.

உங்கள் நிறுவனத்தில் சந்தேகம் இருந்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று ஒரு வரி பதில் வரும். பதவிவாரியாக அனுமதிக்கப்பட்ட இடங்கள், இனச்சுழற்சிப் பதிவேட்டின் (எந்த வரிசை எண் எந்தப் பிரிவுக்கு என்று காட்டும் பதிவேடு) நகல், கடைசியாக நிரப்பிய வரிசை எண், நிரப்பாமல் விட்ட பின்னடைவுக் காலியிடங்கள் என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். பதிவேட்டு நகல் கையில் கிடைத்தால் வாதமே தேவைப்படாது.

50 சதவீதம்தான் உச்சம் என்று தீர்ப்பு இருக்கும்போது தமிழ்நாட்டின் 69 எப்படி நிற்கிறது? பீகாரின் 65 ஏன் விழுந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

1979-இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. 1980 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. இரண்டே இடங்களில் வென்றது. உடனே வரம்பு போனது, பி.சி. பங்கு 31-இலிருந்து 50 ஆனது. எஸ்.சி., எஸ்.டி. 18-ஐச் சேர்த்தால் 68. பிறகு எஸ்.டி.க்குத் தனியாக 1 சதவீதம் வந்து 69 ஆயிற்று.

1992 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இந்திரா சஹானி தீர்ப்பு 50 என்று கோடு போட்டது. அதைத் தாண்டி நிற்க 1993-இல் தனிச் சட்டம் இயற்றி, 1994-இல் 76-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூலம், சட்டங்களை நீதிமன்ற வழக்கிலிருந்து காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். பீகார் 2023 சாதிக் கணக்கெடுப்புக்குப் பிறகு 65 ஆக உயர்த்தியது. அந்த அட்டவணைப் பாதுகாப்பு அதற்குக் கிடைக்கவில்லை. 2024 ஜூனில் பாட்னா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனால் அட்டவணையை மட்டும் நம்பி இருக்க முடியாது. 24.4.1973-க்குப் பின் அதில் சேர்த்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. எம்.பி.சி. 20-க்குள் வன்னியருக்குத் தந்த 10.5 சதவீத உள் ஒதுக்கீடு 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்ததற்கு முக்கியக் காரணம், சமகாலத் தரவு இல்லாததுதான். யார் எவ்வளவு பேர், எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லாமல் அடுத்த வழக்கைத் தாங்க முடியாது. சாதிவாரிக் கணக்கெடுப்பை இங்கே உணர்ச்சிப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். 69-க்கு அதுதான் தூண்.

சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள். குழந்தைக்கு எந்தச் சாதிச் சான்றிதழ்?
– இளம் பெற்றோர், கோவை

தாய் அல்லது தந்தை, யாருடைய சாதியையும் கேட்கலாம். தமிழ்நாட்டில் பெற்றோர் தரும் உறுதிமொழியின் பேரில் கொடுப்பார்கள். முதல் குழந்தைக்கு எதைச் சொல்கிறீர்களோ அதுவே எல்லாக் குழந்தைகளுக்கும். பிறகு மாற்ற முடியாது. பள்ளியில் சேர்க்கும்போதே பதிவேட்டில் அதே பெயரை எழுதச் சொல்லுங்கள். திருமணத்தால் உங்கள் இருவரின் சாதிச் சான்றிதழும் மாறாது.