வாசகர் கேள்வி – பதில்: பரதநாட்டியத்தின் வயது என்ன?

கேள்வி: என் மகள் பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இன்னும் தட்டடவு, நாட்டடவு என்ற தொடக்க அசைவுகளைத் தாண்டவில்லை. வேறு வகுப்புகளில் சேர்ந்த குழந்தைகளோ பள்ளி விழாவில் பாட்டுக்கு ஆடுகிறார்கள். ஆசிரியர் காலம் கடத்துகிறாரா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அப்படித் தோன்றவில்லை. இரண்டு குதிகால்களும் ஒட்டியிருக்க, பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப, முழங்கால்கள் வெளிநோக்கி மடங்க, முதுகு மட்டும் நிமிர்ந்து நிற்கும் அரைமண்டிதான் இந்த ஆட்டத்தின் இருப்பிடம். நாம் அன்றாடம் நடப்பதற்கும் அமர்வதற்கும் பழக்கிய உடலை அந்த நிலையில் நிறுத்துவதற்கே சில மாதங்கள் பிடிக்கும். தட்டடவில் கைகள் இடுப்பில் இருக்கும். வேலை முழுவதும் பாதத்துக்குத்தான். ‘தெய்யா தெய்’ என்ற சொற்கட்டை ஆசிரியர் தட்டுக்கழியால் மரக்கட்டையில் தட்டிச் சொல்ல, அதே அடவை முதல் காலத்திலும், அதன் இரட்டிப்பான இரண்டாம் காலத்திலும், அதற்கும் இரட்டிப்பான மூன்றாம் காலத்திலும் தாளம் பிசகாமல் தட்ட வேண்டும். வேகம் கூடும்போது உடல் தானாக மேலெழும். அவ்வாறு எழவிடாமல் பழக்குவதே பயிற்சி. அடவுகள் சேர்ந்தால் ஜதி. ஜதிகள் கோத்து முத்தாய்ப்பு வைத்தால் தீர்மானம். பின்னால் வரும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், தில்லானா எல்லாம் இந்தச் செங்கற்களால் கட்டப்படுபவையே. பள்ளி விழாவில் பாட்டுக்கு ஆடுவதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அது வேறு வேலை. ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: மூன்றாம் காலத்தில் மகளின் அரைமண்டி உயர்கிறதா? அதற்கு அவர் உடனே பதில் சொன்னால், உங்கள் மகளைக் கவனித்துத்தான் வருகிறார் என்று பொருள்.

கேள்வி: பரதநாட்டியம் 2000 ஆண்டுப் பழமையுடையது என்று அரங்கேற்ற அழைப்பிதழ்களில் அச்சிடுகிறார்கள். 1930களில் உருவாக்கப்பட்ட கலை என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். எது சரி?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: இருவரும் வெவ்வேறு பொருள்களின் வயதைச் சொல்கிறார்கள். பெயருக்கு ஒரு வயது, கச்சேரி அமைப்புக்கு ஒரு வயது, ஆடற்கலையின் பழஞ்சான்றுகளுக்கு ஒரு வயது.

மிகப் பழைய சான்றிலிருந்து தொடங்குவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடல், பாடல், அழகு மூன்றிலும் குறைவின்றி ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறியதைச் சொல்கிறது. இளங்கோவடிகள் ஒரு தச்சரின் கண்ணோடு மேடையை அளந்து காட்டுகிறார்: இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம்; மூன்று வகைத் திரைகள்; தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி வைத்த விளக்கு. மாதவி வலக்காலை முன்வைத்து ஏறி வலத்தூணைச் சார்ந்து நிற்கிறாள். மன்னன் சிறந்த ஆடல் மகளிருக்குரிய தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளிக்கிறான். தொழில்முறை ஆடற்கலை இங்கே எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் மாதவி ஆடிய கொடுகொட்டி, பாண்டரங்கம், துடி, குடை முதலிய பதினோராடல்களுள் ஒன்றுகூட இன்றைய கச்சேரியில் அப்படியே இல்லை. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் அவற்றை விளக்கத் துணைகொண்ட நூல்களிலும் பல நமக்கு எட்டாமல் போயின. எனவே மாதவியை இன்றைய நடனமணியின் முன்னோடி எனலாம்; அவள் ஆடியது பரதநாட்டியம் எனல் ஆகாது.

அடுத்த சான்று கல்லில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் என்று கல்வெட்டு பெயர், ஊர், வீட்டு வரிசையோடு பதிவு செய்கிறது. ஆட்டம் பயிற்றி நடத்தும் நட்டுவம் செய்வோருக்கும் பங்கு உண்டு. அதே கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில், கரணங்கள் என்னும் 108 ஆடல் நிலைகளுள் 81-ஐச் சிவபெருமான் ஆடும் சிற்பங்கள் முடிந்துள்ளன. எஞ்சிய 27-க்கு ஒதுக்கிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. பொறிக்கப்பட்ட அந்தப் பெண்களின் பெயர்களைவிட, வெறுமையாக நிற்கும் அந்தக் கற்களே பார்வையாளரின் கண்ணில் அதிகம் படுகின்றன. எனக்கு அது வருத்தம்தான்.

இன்று மேடையில் காணும் வரிசை இவ்வளவு பழையதன்று. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற ஒழுங்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சை மராட்டிய அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்களால் செம்மை பெற்றது. ஆகக் கச்சேரியின் வயது ஏறக்குறைய 200 ஆண்டு. ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் பொதுவழக்காகி நூறாண்டு ஆகவில்லை.

கேள்வி: அப்படியானால் சதிர் என்பதும் பரதநாட்டியம் என்பதும் ஒன்றுதானா? பெயரை மட்டும் மாற்றினார்களா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அடவும் அபிநயமும் ஒன்றே, ஆடுவோர், ஆடுமிடம், உடை, பேசுபொருளின் சாயல் ஆகியவை மாறின. சதிர், சின்னமேளம் என்றெல்லாம் வழங்கிய இக்கலையை இசைவேளாளர் குடும்பத்து நட்டுவனார்களும் தேவதாசி மரபுப் பெண்களும் வளர்த்தார்கள். 1890களில் தொடங்கிய எதிர்ப்பு இயக்கமும், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடுத்த போராட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கும் 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தில் முடிந்தன. அந்தச் சட்டம் தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வழக்கத்தோடு அந்தப் பெண்களின் கலைவாழ்வும் பழிக்கு ஆளானது. கலை வேறு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது அதைக் கொடுத்தவர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள்.

வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் ஆட்டத்துக்காக வாதாடினார். 1931இல் சென்னை மியூசிக் அகாதமி தேவதாசி மரபைச் சேர்ந்த கல்யாணியின் மகள்களை மேடையேற்றியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் கற்ற ருக்மிணி தேவி, 1935இல் அடையாற்றில் ஆடி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியை நிறுவினார். தைத்த விசிறி மடிப்பு உடையும், மேடையில் நடராசர் திருவுருவமும் அவர் வழியாகப் பரவியவை. முன்பு ஆடுபவரின் பின்னால் நின்று, அவரோடு நகர்ந்தபடியே வாசித்த பக்கமேளக்காரர்கள் மேடையின் ஒரு பக்கத்தில் அமர்ந்தார்கள். சிருங்காரம் எனும் காதல் சுவையை மட்டுப்படுத்திப் பக்தியை முன்னிறுத்த ருக்மிணி தேவி விரும்பினார். ஆனால், 1925இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறிய, தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி, சிருங்காரம் நீக்கித் தூய்மைப்படுத்த வேண்டிய அழுக்கே அன்று, பதம் என்ற அபிநயப் பாடலின் உயிரே அதுதான் என்ற நிலையில் கடைசிவரை நின்றார். இந்த வழக்கில் நான் பாலசரஸ்வதியின் பக்கம். ஆயினும் நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் வாசலை இக்கலைக்குத் திறந்ததில் கலாக்ஷேத்ராவின் பங்கை எவராலும் மறுக்க இயலாது.

கேள்வி: வர்ணம் தொடங்கினால் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. ஏன் அதை அரைமணி நேரத்துக்கு மேல் இழுக்கிறார்கள்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிருத்தம் என்பது பொருள் உணர்த்தாத தூய ஆட்டம், நிருத்தியம் என்பது முகபாவத்தோடு பொருள் உணர்த்தும் ஆட்டம். இரண்டும் மாறி மாறி வரும் உருப்படி வர்ணம். ஒரு தீர்மானம் முடிந்ததும் பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். அந்த வரியில் நாயகி ஒருமுறை ஏங்குவாள், ஒருமுறை கோபிப்பாள், ஒருமுறை தோழியிடம் தூது சொல்வாள். இந்தச் சஞ்சாரிகளில்தான் ஆடுபவரின் கற்பனை வெளிப்படும். அடுத்த முறை ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அது எத்தனை விதமாக விரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வந்தால் குறை உங்களுடையது அன்று.

கேள்வி: தேவராட்டம், கரகாட்டம், தெருக்கூத்து ஆகியவற்றுக்கு இலக்கணம் இல்லையா? அவற்றை ஏன் செவ்வியல் நடனம் என்பதில்லை?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: இலக்கணம் உண்டு, ஏட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவே. கம்பளத்து நாயக்கர் சமூகத்து ஆண்கள் தேவதுந்துபி என்னும் தோற்கருவியின் தாளத்துக்குக் கைக்குட்டை வீசி ஆடும் தேவராட்டத்தில் அடிகளின் வரிசையை யாரும் விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் ஆடப்படும் கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியக்காரனின் பேச்சு, வேடத்துக்கேற்ற அடவு, கிரீடம், முகவண்ணம் எல்லாம் முறைப்படியே அமைகின்றன. ‘செவ்வியல்’ என்பது ஆட்டத்தின் உள்ளே இருக்கும் பண்பு மட்டுமன்று, நிறுவனங்கள் தரும் தகுதியும் ஆகும். அசாமின் சத்ரியா நூற்றாண்டுகளாக வைணவ மடங்களில் ஆடப்பட்டு வந்தபோதும், மத்திய அரசின் கலை நிறுவனமான சங்கீத நாடக அகாதமியின் செவ்வியல் பட்டியலில் 2000ஆம் ஆண்டில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய நாள் அதன் ஆட்டம் வேறாக இருந்ததா என்ன?

கேள்வி: வகுப்பில் குழந்தைகளுக்குச் சலங்கை கட்டுவதில்லையே, ஏன்?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: சலங்கை ஒலித்தால் பாதம் தரையில் எழுப்பும் ஓசை கேட்காது, பாதத்தின் முழுப்பரப்பும் ஒரே நேரத்தில் விழுகிறதா, விரல்நுனி மட்டும் படுகிறதா என்பதை ஆசிரியர் காதால்தான் அறிகிறார். முதல் சில உருப்படிகள் படிந்த பின்னர், சலங்கை பூஜை செய்து ஆசிரியர் கையால் வாங்கிக் கட்டுவது வழக்கம்.