இலைச்சூடும் உப்புத் தண்ணீரும்

கேள்வி: ட்ரோனில் வெப்பக் கேமரா வைத்து, முண்டு மிளகாய்க்கு எப்போது தண்ணீர் பாய்ச்சலாம் என்று அறிய முடியுமா?
– வாசகர், திருப்புல்லாணி

பதில்: முடியும். எனக்கு இந்தக் கருவி மேல் நம்பிக்கை உண்டு. வெப்பக் கேமரா இலையின் சூட்டைக் காட்டும். இலையிலிருந்து நீராவி வெளியேறிக்கொண்டிருக்கும்போது அது குளிர்ந்திருக்கும்; நீர் குறைந்தால் இலைத்துளை மூடிச் சூடேறும். ஆனால் நம் கரையோரத்தில் உப்புதான் பெரிய சிக்கல். உப்பு ஏறிய மண் ஈரமாகவே இருந்தாலும் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது; படத்தில் அதுவும் வறட்சி போலத்தான் தெரியும். அதை நம்பி அதே உவர்க் கிணற்று நீரைத் திரும்பவும் பாய்ச்சிவிடாதீர்கள், தயவுசெய்து! முதலில் மண், நீர் இரண்டின் உப்பளவையும் சோதியுங்கள்.

அப்புறம், கடல்காற்று எழுந்தால் இலைச்சூடு மாறும். மேகமில்லாத உச்சிவேளையில் ஒரே பறப்பில் படமெடுத்து, நன்றாக நீர் பாய்ந்த பாத்தியோடு ஒப்பிடுங்கள். இளஞ்செடியில் வேண்டாம், இடைவெளி மண்ணின் சூடு கலந்துவிடும்.