எடை கூடிய ஓட்டுநரும் பழைய முன் ஃபோர்க்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் எடை 110 கிலோ. இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த, சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும், குழாய்க்குள் குழாய் நகரும் இரு கால்கள்) உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறேன். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன்பக்கம் அடிவரை அமிழ்ந்து ‘டக்’கென்று இடிக்கிறது. மெக்கானிக் கெட்டியான ஃபோர்க் ஆயிலை ஊற்றித் தந்தார். அமிழும் வேகம் சற்றுக் குறைந்தது. ஆனால் சாலையில் உள்ள சிறு வெடிப்புகள்கூட இப்போது மணிக்கட்டில் தெறிக்கின்றன. ஃபோர்க்கையே மாற்றிவிட வேண்டுமா?

பதில்: ஃபோர்க்கை மாற்ற வேண்டாம். வேறு வண்டியின் ஃபோர்க்கைப் பொருத்தினால் அச்சு, பிரேக் காலிப்பர், ஸ்டியரிங் பேரிங் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். வண்டி திரும்பும் குணமும் மாறிவிடும். உங்கள் வண்டிக்குத் தேவை சரியான ஸ்பிரிங். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. அது அமிழும் வேகத்தையும் மீளும் வேகத்தையும் அடக்குவது மட்டுமே ஆயிலின் வேலை. ஸ்பிரிங் செய்ய வேண்டியதை ஆயிலிடம் ஒப்படைத்ததால்தான் உங்கள் மணிக்கட்டு வலிக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க அரைக் கிலோ எடை போதும் என்று கொள்வோம். ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் உள்ள ஸ்பிரிங்குகள் சேர்ந்து 1 மி.மீட்டருக்கு 1 கிலோவைத் தாங்கும். 70 கிலோ ஓட்டுநரை மனத்தில் வைத்து அமைத்த வண்டியில் நீங்கள் அமரும்போது கூடும் 40 கிலோவில் ஏறத்தாழ 16 கிலோ முன்பக்கம் விழுந்தால், வண்டி நகரத் தொடங்கும் முன்பே ஃபோர்க் 16 மி.மீ. கூடுதலாக இறங்கியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது முன்னோக்கிச் சாயும் சுமையும் உங்கள் எடையோடு சேர்ந்து கூடுவதால், மிச்சமிருக்கும் அசைவுத் தூரம் போதாமல் அடி இடிக்கிறது.

இனி ஆயிலின் கதை. உங்கள் வண்டியில் இருப்பது டேம்பர் ராடு வகையாகவே இருக்கும். பழைய ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அப்படித்தான். அதில் ஆயில், உள்ளே நிற்கும் ஒரு தண்டில் உள்ள சில நிலையான துளைகளின் வழியே பிதுங்கிச் செல்கிறது. அசைவின் வேகம் இரண்டு மடங்கானால் துளையின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் ஒப்பீட்டளவில் மெதுவாக அமிழ்வதால் எதிர்ப்பு போதவில்லை. வெடிப்பின் விளிம்பில் சக்கரம் சட்டென்று எகிறும்போதோ ஆயில் வழிவிடாமல் கல்லைப் போல் நிற்கிறது. ஆயிலைக் கெட்டியாக்கினால் முதலாவது கொஞ்சம் சரியாகும், இரண்டாவது மிகவும் மோசமாகும். நீங்கள் எழுதியிருப்பது அதையேதான்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, உள்குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, ஆயில் சீலின் மேல்விளிம்பை ஒட்டித் தள்ளி வையுங்கள். பிறகு சக்கரத்தை இறக்கி, ஓட்டும்போது அணியும் உடை, தலைக்கவசத்தோடு வண்டியில் அமருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். வண்டியை விட்டு மெல்ல இறங்கி, முன்சக்கரத்தை மீண்டும் தரையிலிருந்து தூக்கிய பின் சீலுக்கும் டைக்கும் இடையே உள்ள தூரமே உங்கள் அமிழ்வு. மொத்த அசைவு 120 மி.மீ. என்றால் 30 முதல் 40 மி.மீ. வரை இருக்கலாம். சீலின் உராய்வு அளவைக் குழப்பும் என்பதால் இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

அமிழ்வு கூடுதலாக இருந்தால், ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்து அதை அழுத்தி வைக்கும் குழாய்த் துண்டான ஸ்பேசரை நீட்டிச் சரிசெய்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்பேசர் வண்டியின் உயரத்தை மட்டுமே மாற்றும். ஸ்பிரிங்கின் வலிமை அப்படியே இருக்கும். நீங்கள் அமர்ந்தபோது அமிழ்வு சரியாகவும், வண்டி தனியாக நிற்கும்போது ஏறக்குறைய அமிழாமலும் இருந்தால், மெலிந்த ஸ்பிரிங்கை ஸ்பேசரால் இறுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் எடையையும் வண்டியின் எடையையும் சொல்லி, அதற்கேற்ற வலிமையுள்ள ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபோர்க்கைப் பிரிக்கும் அன்றே பழுதுகளையும் பார்த்துவிட வேண்டும். உள்குழாயில் விரல்நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். துருப்பிடித்த குழியில் நகம் சிக்கினால் புதிய சீலும் விரைவில் கிழிந்து ஆயில் கசியும். வடித்த ஆயில் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால், குழாய்கள் சீராக வழுக்க உதவும் புஷ்கள் தேய்ந்திருக்கின்றன. முக்கியமான எச்சரிக்கை ஒன்று: மேல்மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கிறது. முன்பக்கத்தை உறுதியாகத் தாங்கவைத்து, முகத்தை விலக்கி, மூடியை உள்ளங்கையால் அழுத்தியபடியே கடைசிச் சுற்றைக் கழற்றுங்கள். அது தெறித்து முகத்தில் பட்டால் காயம் சிறியதாக இராது.

ஆயிலைக் கையேட்டில் உள்ள தரத்துக்கே திருப்புங்கள். ‘15’ என்று எழுதிய இரண்டு தயாரிப்புகள் ஒரே கெட்டித்தன்மையில் இருக்கும் என்பதில்லை. 40 டிகிரி செல்சியஸில் அதன் சென்டிஸ்டோக்ஸ் அளவை (கெட்டித்தன்மையின் அலகு) ஒப்பிடுவதே சரி. ஆயில் மட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிய நிலையில், இரு கால்களிலும் சமமாக அளக்க வேண்டும். புதிய ஸ்பிரிங் போட்ட பிறகும் எப்போதாவது அடி இடித்தால், மட்டத்தை 5 முதல் 10 மி.மீ. வரை உயர்த்திப் பாருங்கள். மேலே அடைபட்ட காற்று குறைவதால் அசைவின் கடைசிப் பகுதி மட்டும் கெட்டியாகும். அளவு மீறினால் சீல் பிதுங்கும்.

இத்தனைக்குப் பிறகும் வெடிப்புகள் தெறித்தால், டேம்பர் ராடின் தலையில் அமரும் எமுலேட்டர் வால்வைப் பரிசீலிக்கலாம். வேகமான அடி வரும்போது அது திறந்து வழிவிடும். அதற்கு ராடின் அமுக்கத் துளைகளைப் பெரிதாக்க வேண்டும் என்பதால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஸ்பிரிங்கே போதும். பின்பக்க ஷாக் அப்சார்பரையும் உங்கள் எடைக்கேற்ப இறுக்கிவிடுங்கள். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்தால் வண்டி வளைவில் திரும்பத் தயங்கும்.

கேள்வி: பழைய ஸ்பிரிங்கில் சில சுற்றுகளை வெட்டிவிட்டால் அது வலுவாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். வெட்டினால் தளர்ந்துதானே போகும்?

பதில்: நண்பர் சொல்வது சரிதான், சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் கெட்டியாகும். ஆனால் கணக்கு உங்களுக்கு உதவாது. 40 சுற்றுள்ள ஸ்பிரிங்கில் 4 சுற்றை வெட்டினால் வலிமை 11 சதவீதம்தான் கூடும். 1 மி.மீட்டருக்கு 0.5 கிலோ தாங்கும் ஸ்பிரிங்கை 0.8 கிலோ தாங்குவதாக்க 15 சுற்றுகளை வெட்ட வேண்டும்; எஞ்சிய 25 சுற்றுகளும், ஃபோர்க் தன் அடியைத் தொடும் முன்பே ஒன்றோடொன்று ஒட்டி இரும்புக் குழாயாகிவிடலாம். ஓரிரு சுற்றுகளை மட்டும் வெட்டுவதாக இருந்தாலும் முனையைச் சூடாக்கி வளைக்காதீர்கள். அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும்.