ஒரே மாஸ்டடான் பதிவுக்கு எனக்கு 2 விருப்பமும் நண்பருக்கு 40 விருப்பமும் காட்டுவது ஏன்?

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் ஒரே நிறுவனத்தின் கணினியில் இயங்குவதில்லை. தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள், 2018இல் வலைத்தரமாக ஏற்கப்பட்ட ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதிமுறைப்படி ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. இதையே பரவலாக்கப்பட்ட வலையமைப்பு என்கிறோம். நீங்கள் ஒரு பதிவை விரும்பினால், அந்தத் தகவல் பதிவை எழுதியவரின் சர்வருக்கு மட்டுமே போகிறது. மற்ற சர்வர்களில் இருப்பது பதிவின் நகல்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு உபயம் தந்தவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்கிறார்கள் என்று கொள்வோம். காலையில் வந்த ஒருவர் அங்கிருந்த 2 பெயர்களைத் தாளில் குறித்துக்கொண்டு தம் தோட்டத்துக்குத் திரும்புகிறார். மாலைக்குள் பலகை நிரம்பி, சாக்கட்டி தேய்ந்து, கடைசிப் பெயர்கள் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டாலும், அவர் கையிலுள்ள தாளில் அதே 2 பெயர்கள்தான் இருக்கும். உங்கள் சர்வர் வைத்திருப்பது அந்தத் தாளை. நண்பரோ, எழுதியவரின் சர்வரிலேயே கணக்கு வைத்திருப்பதால், பலகையை நேரில் பார்க்கிறார். (முழு எண்ணிக்கை வேண்டுமென்றால் பதிவின் மூலப் பக்கத்தைத் திறந்தால் போதும்.)

எண்ணிக்கை குறைவாகத் தெரிவதைக் கண்டு, பதிவை யாரோ மறைக்கிறார்கள் என்றோ கணக்கு முடக்கப்பட்டுவிட்டது என்றோ பலர் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் அது நகல் பழையதாகிவிட்டதன் விளைவு மட்டுமே.