"நான் அந்த டைப் இல்லம்மா"

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பள்ளியில் ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, அவள் 'இன்ட்ரோவர்ட்' (தனக்குள் ஒதுங்கும் சுபாவம்) வகை என்று அறிக்கை கொடுத்தார்கள். நாங்களும் உறவினர்களிடம் அப்படியே சொல்லிவந்தோம். இப்போது பேச்சுப் போட்டியில் சேரச் சொன்னால், "நான் அந்த டைப் இல்லம்மா" என்கிறாள். வீட்டிலோ தம்பிக்கு நடித்துக் காட்டிக் கதை சொல்கிறாள். இந்த வகைப் பிரிவை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– ஒரு வாசகி

பதில்: தம்பிக்கு நடித்துக் காட்டும் அந்தப் பெண் அறிக்கையில் எங்கே இருக்கிறாள், சொல்லுங்கள்? நீங்கள் தினமும் கண்ணால் பார்ப்பதைவிட அந்தத் தாள் பெரிதாகிவிட்டதா?

'கூட்டமான இடம் உனக்குப் பிடிக்குமா?' என்பது போல அதில் ஒரு கேள்வி இருந்திருக்கும். எந்தக் கூட்டம் என்று இருந்திருக்காது. தோழிகள் கூடியிருப்பதும் கூட்டம்தான், அவளை எடைபோடக் காத்திருப்பவர்களும் கூட்டம்தான். ஏதோ ஒன்றை நினைத்து 'இல்லை' என்று டிக் செய்திருப்பாள். அவள் சொன்னதையே கூட்டிக் கழித்து, ஒரு பெயர் வைத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பெயரே காரணமாகிவிட்டது. ஏன் பேசவில்லை? இன்ட்ரோவர்ட். இன்ட்ரோவர்ட் என்று எப்படித் தெரியும்? பேசுவதில்லையே!

இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட் (கலகலவென்று பழகும் சுபாவம்) என்ற பிரிவை 1921-இல் வெளிவந்த தன் நூலால் பரப்பிய கார்ல் யுங் என்ற உளவியலாளரே, முழுக்க முழுக்க ஒரே பக்கம் சாய்ந்த மனிதர் கிடையாது என்றுதான் சொன்னார். அவர் கருத்தை எடுத்து மனிதர்களை 16 வகையாக்கிய மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வை உருவாக்கிய தாயும் மகளும் முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர்.

சிக்கல் கோடு போடுவதில் இருக்கிறது. 165 செ.மீ.க்கு மேல் நெட்டை, கீழே குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 164 குட்டை, 166 நெட்டை. 166-உம் 190-உம் ஒரே வகை! இப்படி ஒரு கணக்கை யாராவது ஒப்புக்கொள்வோமா? சுபாவமும் உயரம் மாதிரிதான். பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறோம். அதனால்தான் சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதுகிற பலர் வேறு வகைக்குள் போய் விழுகிறார்கள்.

"ஆனால் அறிக்கையில் இருப்பது அப்படியே என் மகள்தானே" என்று உங்களுக்குத் தோன்றலாம். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, 'இது உன்னைப் பற்றியது' என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. அதில் பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

சரி, சுபாவ வேறுபாடே இல்லையா? இருக்கிறது. புது முகத்தைக் கண்டால் சிணுங்கும் குழந்தையும் சிரிக்கும் குழந்தையும் ஒன்றல்ல. உங்கள் மகளுக்கு மேடைக் கூச்சம் நிஜமாகவே இருக்கலாம். கூச்சம் இருக்கிறது என்றால், "வா, முதலில் நாலு பேர் முன்னால் பேசிப் பார்" என்று கைபிடித்து அழைத்துப் போகலாம். 'நீ அந்த வகை' என்றால் அதற்கு வழியே இல்லை. இன்னும் வளர்ந்து முடியாத பெண்ணுக்குப் பள்ளி இப்படி முத்திரை குத்தியது தவறு. அதை நீங்களும் சொந்தபந்தங்களிடம் சொல்லிச் சொல்லி உறுதிப்படுத்தியது எனக்கு அதைவிட வருத்தம். அவள் இன்று உங்களிடம் சொல்வது நீங்கள் சொன்னதைத்தான்.

முதலில் உறவினர்களிடம் அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள். ஒருநாள் அந்தத் தேர்வின் கேள்விகளை அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். "கூட்டம் பிடிக்காது என்று எழுதினாயே, அப்போது யாரை நினைத்துக்கொண்டாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.