ஆயில் லைட் எரியவில்லை, ஆனால் எஞ்சின் சத்தம் மாறுகிறதே?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு டீசல் பிக்கப்பில் 30 மூட்டை சிமெண்ட் ஏற்றிப்போகும் வாசகர் கேட்கிறார்: மேலே போய் நிறுத்தியதும் ஐடிலில் எஞ்சின் சத்தம் கடகடவென்று மாறுகிறது, ஆயில் லைட் எரியவில்லை, டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நிற்கிறது. தனியாக ஆயில் பிரஷர் கேஜ் மாட்டணுமா, வண்டி கம்ப்யூட்டரின் அளவுகளை மொபைலில் காட்டும் ஓபிடி ஆப் போதாதா?

மாட்டுங்கள். அந்தச் சிவப்பு லைட்டுக்குப் பின்னால் இருப்பது வெறும் ஸ்விட்ச். பல வண்டிகளில் பிரஷர் அரை பார் (பிரஷரை அளக்கும் அலகு) பக்கம் விழுந்த பிறகுதான் அது லைட்டைப் போடும். 3 பார் இருக்கவேண்டிய வேகத்தில் ஒன்றரைதான் இருக்கிறது என்றால் வாயே திறக்காது. ஸ்விட்ச் மட்டும் உள்ள வண்டியில் பிரஷர் எவ்வளவு என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கே தெரியாது, அப்புறம் ஆப்புக்கு எப்படித் தெரியும்?

டாஷ்போர்டு முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து அதை 90 டிகிரியை ஒட்டியே பிடித்து வைத்திருக்கும், ஆயிலுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. கல்லாறு தாண்டி லோடோடு இழுக்கும்போது ஆயில் 110-ஐத் தொடுவது சகஜம்தான், 120-க்கு மேலேயே நின்றால் கியரை இறக்கி மெதுவாக ஏறுங்கள், 130 என்றால் ஓரங்கட்டி, லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிடுங்கள். சூடு ஏற ஏற ஆயில் தண்ணியாகும், பிரஷர் இறங்கும். அதனால் ஆயில் டெம்பரேச்சர் கேஜும் மாட்டி, பிரஷர் கேஜோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் 5 பார் காட்டுகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், சூடான எஞ்சினில் 1000 ஆர்பிஎம்முக்குக் குறைந்தது 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், என்பது பட்டறைகளின் பழைய கணக்கு. மேனுவலில் அளவு இருந்தால் அதுவே முக்கியம்.

மாட்டும்போது ஒரிஜினல் ஸ்விட்ச்சைக் கழற்றி எறியாமல் டீ (T வடிவ இணைப்பு) போட்டு ஸ்விட்ச், கேஜின் சென்சார் இரண்டையும் வையுங்கள். கனமான சென்சாரை எஞ்சினிலேயே பித்தளை டீயில் தொங்கவிட்டால் அதிர்வில் டீ விரிசல் விடும், அப்படி ஒடிந்து ஆயில் பீய்ச்சி அடித்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஹோஸ் இழுத்து பாடியில் பொருத்துவது நல்லது. அப்போது சென்சாருக்குத் தனி எர்த் வயர் கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் முள் கன்னாபின்னாவென்று ஆடும். டெம்பரேச்சர் சென்சாரை ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டில் வைப்பது மலிவு, ஆனால் கல்லில் இடிபடும். ஆயில் ஃபில்டருக்கு அடியில் சாண்ட்விச் பிளேட் (ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட இடமிருந்தால் அதுதான் என் தேர்வு.

சரி, உங்கள் வண்டிச் சத்தத்துக்கு வருவோம். முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து முகருங்கள். அளவு ஏறி டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. அப்படி இல்லையென்றால் எஞ்சின் சூடாக இருக்கும்போதே பட்டறையில் மெக்கானிக்கல் கேஜ் வைத்து ஐடிலிலும் 2000 ஆர்பிஎம்மிலும் அளக்கச் சொல்லுங்கள். குறைவாக வந்தால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னர் (ஆயில் சல்லடை), பம்ப், பேரிங் மூன்றையும் பார்க்கவேண்டும். கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த அளவு கைக்கு வரும்வரை மலைக்கு சிமெண்ட் ஏற்றவேண்டாம், நாலு நாள் வாடகை போனாலும் பரவாயில்லை.