ஒரு லேபில் எச்பிவி பாசிட்டிவ், இன்னொரு லேபில் நெகட்டிவ்: பிசிஆர் டெஸ்ட்டே இப்படி மாறுமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: கருப்பை வாயில் எடுத்த சாம்பிளில், டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில், எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) இருப்பதாக ஒரு ரிப்போர்ட் வந்திருக்கிறது. சில வாரம் கழித்து வேறு லேபில் பார்த்தால் இல்லை என்கிறார்கள். டிஎன்ஏவையே பார்க்கிற டெஸ்ட்டில் இப்படி நடக்குமா, யார் செய்தது தவறு?

நடக்கும். யாரும் தவறு செய்யாமலேகூட நடக்கும். நான் மருத்துவர் இல்லை, மூலக்கூறு ஆய்வகத்தில் இந்த மாதிரி டெஸ்ட்களை ஓட்டுகிறவன். அதனால் லேப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

இந்த வைரஸுக்கு டிஎன்ஏ டெஸ்ட் தவிர வேறு நல்ல வழி இல்லை. சாதாரண செல் வளர்ப்பில் இது வளராது. தோல், சளிச்சவ்வு செல்கள் அடியிலிருந்து மேலே வந்து முதிரும்போதுதான் இதன் வாழ்க்கைச் சுழற்சி முழுமையாகும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்த்தும் பயனில்லை. தொற்று வந்த பலருக்கு அது உருவாவதே இல்லை. உருவானவர்களுக்கோ தொற்று போன பிறகும் இருக்கும். எனவே வைரஸின் டிஎன்ஏவைத்தான் தேட வேண்டும். அது சுமார் 8,000 எழுத்து நீளமுள்ள ஒரு வளையம்.

பிசிஆர் அந்த வளையம் முழுவதையும் பெருக்குவதில்லை. பிரைமர் என்னும் இரண்டு சிறு துண்டுகள் எங்கே ஒட்டுகின்றனவோ, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் பெருகும். 95 டிகிரியில் இழைகள் பிரியும், 55 டிகிரி வாக்கில் பிரைமர் ஒட்டும், 72 டிகிரியில் புது இழை வளரும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். சரி, அந்த இரண்டு பிரைமரை எங்கே வைப்பது? லேபுக்கு லேப் வேறுபாடு தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

எச்பிவியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோய் விஷயத்தில் கவலைப்பட வேண்டியவை ஏறக்குறைய 14. அதிலும் 16, 18 ஆகிய இரண்டே கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த இரண்டையும் 1980களில் புற்றுநோய்த் திசுவிலிருந்து கண்டெடுத்தது ஹாரல்ட் சூர் ஹவுசனின் குழு. அவருக்கு 2008இல் நோபல் கிடைத்தது. இத்தனை வகைகளையும் ஒரே ஜோடி பிரைமரால் பிடிக்க வேண்டுமென்றால், எல்லா வகையிலும் அதிகம் மாறாத பகுதி வேண்டும். வைரஸின் வெளி உறைப் புரதத்துக்கான எல்1 மரபணு அதற்கு வசதியானது. எம்ஒய்09, எம்ஒய்11 என்ற பழைய ஜோடி அதில் சுமார் 450 எழுத்துத் துண்டைப் பெருக்கும். ஜிபி5+, ஜிபி6+ ஜோடி பெருக்குவது சுமார் 150. எஸ்பிஎஃப்10 என்பதோ வெறும் 65.

இந்த நீளம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் முடிவையே மாற்றிவிடும். ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதித்து வைத்த பயாப்ஸி திசுவில் டிஎன்ஏ நொறுங்கிக் கிடக்கும். செல்லரித்த புத்தகத்தில் முழுப் பக்கம் தேடினால் கிடைக்காது, ஒரு வரி கிடைக்கும். அதே மாதிரி, 450 எழுத்து கேட்கிற டெஸ்ட் நெகட்டிவ் சொன்ன திசுவில் 65 எழுத்து கேட்கிற டெஸ்ட் பாசிட்டிவ் சொல்லலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் முற்றும்போது வைரஸ் வளையம் அறுந்து மனித குரோமோசோமுக்குள் செருகிக்கொள்வதுண்டு. அப்போது எல்1 பகுதி தொலைந்துபோகலாம். இ6, இ7 என்ற இரண்டு மரபணுக்கள் மட்டும் தப்பாமல் தங்கும், ஏனென்றால் பி53, ஆர்பி என்ற நம் காவல் புரதங்களை முடக்கி செல்லைப் பெருக வைப்பவை அவைதான். அதனால்தான் சில கிட்டுகள் இ6, இ7 பகுதியைக் குறி வைக்கின்றன. எல்1 டெஸ்ட் தவறவிடுகிற புற்றுநோய்கள் கொஞ்சம்தான், ஆனாலும் உண்டு.

நெகட்டிவ் ரிப்போர்ட் எதைக் கையில் கொடுத்தாலும் நான் முதலில் தேடுவது உள் கட்டுப்பாடு என்ற வரியை. பீட்டா குளோபின் போன்ற ஒரு மனித மரபணுவையும் கூடவே பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். அது வரவில்லை என்றால் சாம்பிளில் போதுமான செல் இல்லை, அல்லது ரத்தமோ சளியோ டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியைத் தடுத்திருக்கிறது. அப்போது சரியான முடிவு 'செல்லாது' என்பதுதான், நெகட்டிவ் அல்ல. சில கிட்டுகளில் கட்டுப்பாட்டுக்கென்று செயற்கை டிஎன்ஏவை வெளியிலிருந்து சேர்ப்பார்கள். அது நொதி வேலை செய்ததா என்று மட்டும் சொல்லும். குச்சியில் செல் வந்ததா என்று சொல்லாது. எனக்கு அந்த ஏற்பாடு அவ்வளவாகப் பிடிக்காது.

எதிர்ப்பக்கத் தவறும் வரலாம். முந்தைய ஓட்டத்தில் பெருகிய டிஎன்ஏ ஒரு துளி காற்றில் பறந்து புது சாம்பிளில் விழுந்தால் போதும், பொய் பாசிட்டிவ். இதைத் தவிர்க்கத்தான் பெருக்குவதற்கு முந்தைய வேலைக்கும் பிந்தைய வேலைக்கும் தனித்தனி அறை, ஒவ்வொரு ஓட்டத்திலும் வெறும் தண்ணீர் வைத்த ஒரு குழாய். அந்தத் தண்ணீர் பாசிட்டிவ் காட்டினால் அந்தத் தொகுப்பு மொத்தமும் செல்லாது. மூடிய குழாயிலேயே முடிவைப் படிக்கிற ரியல் டைம் பிசிஆர் வந்தபிறகு இந்தத் தலைவலி நிறையக் குறைந்தது.

பலருக்கு நம்பக் கடினமாக இருப்பது அடுத்த விஷயம்தான்: நல்ல ஸ்கிரீனிங் டெஸ்ட், அதாவது அறிகுறி இல்லாதவர்களிடம் முன்கூட்டியே பார்க்கிற டெஸ்ட், வேண்டுமென்றே தன் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறது. பெரும்பாலான எச்பிவி தொற்றுகள் ஓரிரு ஆண்டில் தானாகவே அடங்கிவிடும். பத்து பிரதி வைரஸ் இருந்தாலும் கத்துகிற டெஸ்ட் வைத்தால், நோயே வராத எத்தனையோ பெண்களைப் பயமுறுத்தி கால்போஸ்கோப்பிக்கு (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருப்பவர்களைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும், எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்று சொல்வது என்ற வெட்டுக்கோட்டை வைக்கிறார்கள். 2009இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு வகுத்த அளவுகோலும் இதையே கேட்கிறது: முன்பே நிரூபணமான டெஸ்ட்டோடு ஒப்பிட்டால், புதிய டெஸ்ட்டின் கண்டுபிடிக்கும் திறன் 90 சதவீதத்துக்கும், தேவையில்லாமல் பாசிட்டிவ் சொல்லாத திறன் 98 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. வெட்டுக்கோட்டுக்கு அருகில் நிற்கிற சாம்பிள் இன்று இந்தப் பக்கமும் நாளை அந்தப் பக்கமும் விழும். ஆராய்ச்சிக்கென்று செய்யும் அதிநுண்ணிய பிசிஆர் ஒரு லேபிலும், இப்படிக் கோடு வைத்த ஸ்கிரீனிங் கிட் இன்னொரு லேபிலும் ஓடியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி கையில் உள்ள இரண்டு ரிப்போர்ட்டுகள். எந்தெந்த வகைகளைத் தேடினார்கள், 16, 18 தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா, உள் கட்டுப்பாடு சரியா, ஸ்கிரீனிங்குக்கென்று சரிபார்க்கப்பட்ட கிட்டா என்று பாருங்கள். முதல் ரிப்போர்ட்டில் 16 அல்லது 18 என்று இருந்தால், பின்னால் வந்த நெகட்டிவ்வை நம்பி விட்டுவிடாதீர்கள். பொதுவாக அதற்கு அடுத்த படி கால்போஸ்கோப்பி. மற்ற அபாய வகைகள் என்றால் பாப் ஸ்மியர் (கருப்பை வாய் செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்த்தோ, ஓராண்டு கழித்து மறுபடி டெஸ்ட் செய்தோ முடிவெடுப்பது வழக்கம். எது உங்களுக்கு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் அவரிடம் காட்டுங்கள். மூன்றாவது லேபுக்கு ஓட வேண்டாம், மூன்றாவது பதில்தான் கிடைக்கும்.

அப்புறம், கேள்வியில் இல்லாவிட்டாலும் இதைப் பலர் தனியாகக் கேட்கிறார்கள்: இந்தத் தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று பிசிஆர் சொல்லுமா? சொல்லாது. வைரஸ் வருஷக் கணக்கில் டெஸ்ட்டில் தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடந்துவிட்டு மறுபடி தலைகாட்டலாம். இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வீட்டில் யாரையும் விசாரிக்காதீர்கள்.